குளத்தங்கரைத் தண்ணீர்ப் பாம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலம் தொடங்கினால் என் செல்பேசிக்குப் பாம்புப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். பாதிப் படங்களில் பாம்பு ஏற்கெனவே செத்துக் கிடக்கும். செத்துக் கிடப்பதில் பெரும்பாலானவை தண்ணீர்ப் பாம்புதான். "இது என்ன பாம்பு, விஷம் உண்டா?" என்ற கேள்வி அடித்த பிறகுதான் வருகிறது. கொஞ்சம் முன்னால் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொந்தக்காரர்களும் பக்கத்துத் தெருக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

தண்ணீர்ப் பாம்பு என்றால் குறிப்பாக எந்தப் பாம்பு?

ஏரி, குளம், வயல், வாய்க்கால் என்று நன்னீர் இருக்கும் இடத்தில் நாம் அதிகம் பார்ப்பது, உடம்பெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும் ஒரு பாம்பு. பேச்சில் தண்ணிப்பாம்பு. கேரளத்தில் நீர்க்கோலி, கன்னியாகுமரிப் பக்கமும் அந்தப் பெயர் காதில் விழும். ஆங்கிலத்தில் செக்கர்டு கீல்பேக் என்கிறார்கள். செக்கர்டு என்பது கட்டத்துக்காக. கீல்பேக் என்பது செதிலின் நடுவில் ஓடும் மெல்லிய முகட்டுக்காக. அந்த முகடு இருப்பதால்தான் இதன் முதுகு சாரையின் முதுகைப் போல வழவழவென்று இல்லாமல் சற்றுச் சொரசொரப்பாக இருக்கிறது.

அறிவியல் பெயர் ஃபௌலியா பிஸ்கேட்டர். பிஸ்கேட்டர் என்றால் லத்தீனில் மீனவன். பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796ல் வெளியிட்ட நூலில் இதன் படம் இருக்கிறது. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் ரஸ்ஸல் பெயர் வந்ததும் இவரால்தான். 1799ல் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் பிஸ்கேட்டர் என்று பெயரிட்டார். பின்னொட்டு அப்படியே நிற்க, முன்னொட்டு மட்டும் பலமுறை மாறிவிட்டது. கொஞ்சம் பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் அதில் செனோக்ரோஃபிஸ் பிஸ்கேட்டர் என்று பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

எப்படி அடையாளம் காண்பது?

முதலில் கண்ணைப் பாருங்கள். கண்ணுக்கு நேர் கீழே ஒரு கறுப்புக் கோடு, கண்ணுக்குப் பின்னாலிருந்து வாயோரத்தை நோக்கி இன்னொரு கறுப்புக் கோடு. இரண்டும் சாய்வாக, மை தீட்டிவிட்டு யாரோ விரலால் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். இதுதான் நம்பகமான அடையாளம்.

அடுத்தது முதுகிலுள்ள கட்டங்கள். வெளிர் மஞ்சளிலோ ஆலிவ் பச்சையிலோ கறுப்புப் புள்ளிகள் வரிசை மாற்றி அமைந்திருக்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே குளத்தில் ஒன்று எலுமிச்சை மஞ்சளாக இருக்கும், இன்னொன்று சேற்று நிறத்தில் கட்டமே தெரியாமல் இருக்கும். வயிறு வெளுப்பாக இருக்கும். கண்ணின் பாவை வட்டம். மூக்குத் துளைகள் சற்று மேல்நோக்கி இருப்பதால் தலையில் கொஞ்சத்தை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி மூச்சுவிட முடியும்.

வழக்கமாக இரண்டு மூன்றடி இருக்கும். பெண் பாம்பு ஆணைவிடப் பெரியது. அளந்து பதிவானவற்றில் மிகப் பெரியது சுமார் 175 செ.மீ., அதாவது ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி. அந்த அளவில் ஒன்றைக் குளத்தங்கரையில் பார்த்தால் யாரும் தண்ணிப்பாம்பு என்று நம்பமாட்டார்கள்.

விஷம் உண்டா?

மனிதருக்கு ஆபத்தான விஷம் கிடையாது. நம் ஆட்களுக்கு இது எப்போதோ தெரியும். விஷமுள்ள நாகம் ஒளிந்து வாழும், நீர்ப்பாம்பு பயமில்லாமல் வெளியிலேயே கிடக்கும் என்று பொருள் வரும் ஒரு பழைய வெண்பாவைப் பள்ளிக்கூடத்தில் படித்தது பலருக்கு ஞாபகம் வரலாம். அங்கே அது நெஞ்சில் கள்ளமில்லாதவர்களுக்கு உவமை. ஆனால் பாம்பைக் கவனித்த ஒருவர்தான் அப்படி எழுதியிருக்க முடியும். பகலில், படித்துறைக் கல் இடுக்கில், வெயில் காய்ந்தபடி கிடப்பது இதன் வழக்கம். அதிகம் அடிபடுவதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றும்.

அப்படியானால் கையில் பிடிக்கலாமா?

வேண்டாம். இது முன்கோபக்காரப் பாம்பு. சாரையாவது முதலில் ஓடப் பார்க்கும். இது பிடித்த மறுநொடியே திரும்பிக் கடிக்கும், விடாமல் இரண்டு மூன்று தடவை கடிக்கும், கூடவே நாற்றமெடுக்கும் கழிவையும் கையில் பூசிவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் செங்கழுத்துக் கீல்பேக் என்ற உறவுக்காரப் பாம்பு உண்டு. அதையும் வெகுகாலம் விஷமற்றது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கடிபட்ட சிலருக்கு ரத்தம் உறையாமல் போய் உயிராபத்து வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. படம் பார்த்து அடையாளம் காண்பதில் எவருக்கும் தப்பு நேரும். அந்தத் தப்பைக் கையில் பிடித்தபடி செய்யக் கூடாது.

கடித்துவிட்டால் என்ன செய்வது?

மலையாளத்தில் ஒரு பழமொழி: நீர்க்கோலி கடித்தாலும் அத்தாழம் முடங்கும். இரவுச் சாப்பாடாவது கெடும் என்று அர்த்தம். அற்பமானவன்கூடத் தொல்லை கொடுக்க முடியும் என்பதற்குச் சொல்வார்கள். உண்மையான கடிக்கும் அதுவே பொருந்தும்.

இதன் பற்கள் ஊசி மாதிரி சின்னதாக, பின்பக்கம் வளைந்திருக்கும். வழுக்கும் மீனை நழுவவிடாமல் பிடிப்பதற்கான அமைப்பு. அதனால் கடிபட்டதும் கையை வெடுக்கென்று இழுத்தால் தோல் கோடு கோடாகக் கிழியும். காயத்தின் அளவுக்குப் பொருந்தாமல் ரத்தம் கொஞ்சம் அதிகமாகவே வரும். பயந்துவிட வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டி, தேவையென்றால் டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கடித்தது தண்ணீர்ப் பாம்புதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால். இருட்டில் கடித்தது, சரியாகப் பார்க்கவில்லை, "தண்ணிப்பாம்பு மாதிரிதான் இருந்தது" என்ற அளவில் சந்தேகம் இருந்தால்கூட 108ஐ அழைத்து நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். மருத்துவமனையில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். விரியன் கடியை அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நாகமும் கட்டுவிரியனும் கடித்தால் ரத்தம் உறையும், நரம்புதான் பாதிக்கப்படும். அதனால்தான் சோதனை சரியாக இருந்தாலும் சில மணி நேரம் படுக்கவைத்துக் கவனிக்கிறார்கள். "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று அடம்பிடிக்காதீர்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பங்கு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு உரியது.

நான் பார்த்தது படம் எடுத்ததே! தண்ணீர்ப் பாம்பு படம் எடுக்குமா?

ஏறக்குறைய எடுக்கும். மூலையில் மாட்டிக்கொண்டால் தலையைத் தூக்கி, கழுத்தைத் தட்டையாக்கி, நாகம் மாதிரி ஒரு பாவனை காட்டும். ஆனால் நாகத்தின் படம் விலா எலும்புகள் விரிந்து அகன்று நிற்பது. இதற்குக் கழுத்து கொஞ்சம் பட்டையாகும், செதில்களுக்கு நடுவே தோல் தெரியும், அவ்வளவுதான். எதிரியைப் பயமுறுத்தச் செய்யும் நடிப்பு, நம்மிடம் வந்தால் எதிர்மாறாக வேலை செய்கிறது. "நல்ல பாம்பு!" என்று ஒருவர் கத்த, இன்னொருவர் கட்டையை எடுத்துவிடுகிறார்.

சரி, ஒரு வித்தியாசம் சொல்லுங்கள் என்றால்: தள்ளி நின்று கண்ணுக்குக் கீழே அந்த இரண்டு கோடுகளைத் தேடுங்கள். தெரியவில்லையென்றால் நாகம் என்றே வைத்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

தண்ணீரில் நீந்துவதெல்லாம் தண்ணீர்ப் பாம்புதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். இல்லை. எல்லாப் பாம்பும் நீந்தும். நாகம் நன்றாக நீந்தும். சாரை குளத்தைக் குறுக்கே கடந்து போகும். வெள்ளக் காலத்தில் விரியனும் அடித்துக்கொண்டு வரும். "தண்ணியில வந்துச்சு, அதனால தண்ணிப்பாம்பு" என்ற கணக்கு ஆளைக் கொல்லும்.

தண்ணீரிலேயே வாழ்கிறவற்றிலும் பல வகை உண்டு. கட்டமே இல்லாமல் முதுகு முழுக்க ஆலிவ் பச்சையாக, வயிறு மஞ்சளாக இருந்தால் அது ஆலிவ் கீல்பேக். அதுவும் விஷமற்றது, கட்டப் பாம்பைவிடச் சாது. கழிமுகம், உப்பங்கழி, அலையாத்திக் காடு என்று உப்புத் தண்ணீர் கலக்கும் இடத்தில் நாய்முகத் தண்ணீர்ப் பாம்பு இருக்கும். சேற்று நிறம், தலையின் மேல்பக்கத்தில் சின்னஞ்சிறு கண்கள். இதற்குப் பின்பல்லில் லேசான விஷம் உண்டு. மனிதருக்கு ஆபத்தானதாகக் கருதப்படுவதில்லை. முட்டையிடாமல் குட்டி போடும்.

கடலில் வலையோடு வருவது வேறு கதை. கடல்பாம்பின் வால் துடுப்பு மாதிரி பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். வால் தட்டையென்றால் கடும் விஷம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கரைவலை இழுக்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்கரைக்கு விடுமுறைக்குப் போய், ஒதுங்கிக் கிடக்கும் பாம்பைக் குச்சியால் நோண்டுகிறவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டப் பாம்பு எங்கெல்லாம் வாழ்கிறது?

பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், வங்கதேசம் என்று தெற்கு ஆசியா நெடுக. அங்கிருந்து கிழக்கே சீனா, இந்தோனேசியா வரை ஒரே இனம் என்று முன்பு சொன்னார்கள். பிறகு அதில் பலவற்றைத் தனி இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். இலங்கையிலும் நெருங்கிய உறவாக, அந்தத் தீவில் மட்டுமே காணப்படும் தனி இனம் உண்டு.

வாழிடம் என்றால் ஆறு, ஏரி என்று பெரிதாக நினைக்க வேண்டாம். நெல் வயல் இதற்குப் பெரிய வீடு. நாற்று நட்டுத் தண்ணீர் நிற்கும்போது உள்ளே தவளை, தலைப்பிரட்டை, கெண்டைக் குஞ்சு எல்லாம் கிடைக்கும். வரப்பில் நண்டு வளையும் எலி வளையும் தங்குவதற்கு. தண்ணீர் வடிந்ததும் வாய்க்காலுக்கு, வாய்க்கால் வற்றினால் குளத்துக்கு, மறுபடி மடை திறந்தால் வயலுக்கு. ஆற்றுப் பாசன ஊர்களில் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறதோ பாம்பும் அப்படியே சுற்றும். நகரத்தில் சாக்கடை ஓரத்திலும் இருக்கும். கொஞ்சம் தவளையும் ஒளிய ஒரு பொந்தும் இருந்தால் போதும்.

என்ன சாப்பிடும்?

மீனும் தவளையும்தான் பிரதானம். தலைப்பிரட்டை, எப்போதாவது எலி, பறவைக் குஞ்சு.

எங்கள் ஊர்க் குளத்தில் ஒருமுறை படித்துறையில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். ஒரு ஜிலேபிக் கெண்டையைக் குறுக்கே கவ்விக்கொண்டு, தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கியபடி கரைக்கு வந்தது. கடைசிப் படியில் உடம்பைப் பாதி ஏற்றி வைத்துக்கொண்டு, மீனை விடாமல் தாடையை ஒரு பக்கம் நகர்த்தி, பிறகு மறுபக்கம் நகர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக மீனின் தலைப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கே ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். தலையிலிருந்து விழுங்கினால்தான் முதுகு முள் மடங்கிக்கொள்ளும். வாலிலிருந்து விழுங்கினால் முள் விரிந்து தொண்டையில் குத்தும். மீன் உள்ளே போன பிறகு வாயை இரண்டு தடவை அகலமாகத் திறந்து மூடியது. கொட்டாவி மாதிரி இருந்தாலும், இடம் மாறிய தாடையைச் சரி செய்துகொள்வதற்காகத்தான்.

தவளைக்கு இந்த மரியாதை கிடையாது. எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து, பெரும்பாலும் பின்னங்காலிலிருந்து, உயிரோடு. மழை இரவில் வயலோரம் தவளை ஒன்று மட்டும் வித்தியாசமாக, இழுத்து இழுத்துக் கத்தினால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

எலியைத் தின்று விவசாயிக்கு உதவுமா?

பாம்பைக் காப்பாற்றச் சொல்லும் எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சாரைக்கு அது முழுக்கப் பொருந்தும். தண்ணீர்ப் பாம்புக்கு அவ்வளவாகப் பொருந்தாது. எலி இதன் தட்டில் அபூர்வம். இல்லாத பெருமையைச் சூட்டிக் காப்பாற்றப் பார்த்தால், எலி குறையவில்லையே என்று ஒருநாள் கேள்வி வரும். கொக்கு, நாரை, பருந்து, கீரி, உடும்பு என்று பலதுக்கும் இது சாப்பாடு. குட்டிகளை விரால் மீன்கூட விழுங்கும். குளத்து மீனுக்கும் வானத்துப் பருந்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு பிராணி. எனக்கு அதுவே போதுமான காரணம்.

மீன் குட்டை வைத்திருக்கிறேன். குஞ்சுகளைத் தின்கிறதே?

தின்னும். நியாயமான புகார்தான். வளர்ந்த மீன் இருக்கும் பெரிய குட்டையில் இழப்பு பெரிதாகத் தெரியாது. நாற்றங்கால் தொட்டியில்தான் தெரியும். அங்கே சுற்றிலும் இரண்டடி உயரத்துக்கு வழுவழுப்பான தகரமோ கெட்டி பிளாஸ்டிக் தாளோ நட்டு, அடிப்பக்கத்தை மண்ணில் புதைத்துவிட்டால் பாம்பு ஏறாது. கரையில் புதரையும் கற்குவியலையும் ஒதுக்கிவிட்டால் தங்க இடமிருக்காது.

நைலான் வலை மட்டும் கட்டாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முட்டை போடுமா, குட்டி போடுமா?

முட்டை. ஒரு தடவைக்கு வழக்கமாக 30 முதல் 70 வரை; 100 வரைகூடப் பதிவாகியிருக்கிறது. கரையிலும் வரப்பிலும் உள்ள வளைகள், வைக்கோல் போர் மாதிரி ஈரமும் கதகதப்பும் உள்ள இடங்கள் இதற்குத் தோது. பெண் பாம்பு முட்டையோடு தங்கிக் காவல் இருக்கும் என்று பதிவுகள் உண்டு. குட்டி வெளியே வரும்போது சுமார் 11 செ.மீ. நீளம், ஒரு பேனாவைவிடக் குட்டை. கட்டமும் கண்ணுக்குக் கீழே கோடும் அப்போதே பளிச்சென்று இருக்கும்.

70 முட்டை என்றதும் "ஊரே பாம்பாகிவிடுமே" என்று ஒருவர் கேட்டார். 70ல் பெரும்பாலானவை முதல் மழைக்காலத்தையே தாண்டாது. அதனால்தான் இத்தனை முட்டை.

கிணற்றில் பாம்பு கிடக்கிறது. தண்ணீர் விஷமாகிவிடுமா?

ஆகாது. பாம்பின் விஷம் தண்ணீரில் கரைந்து நம்மைக் கொல்வதெல்லாம் கதைகளில்தான். இந்தப் பாம்புக்கு அந்த விஷமும் கிடையாது. செத்து அழுகினால்தான் தண்ணீர் கெடும். அது எலி விழுந்து செத்தாலும் அப்படித்தான்.

கல் கட்டிய பழைய கிணறுகளில் இடுக்குகள் இருக்கும், தவளையும் இருக்கும். பாம்பு தானாகவே ஏறி இறங்கி வாழும். சிமென்ட் உறை இறக்கிய கிணற்றில்தான் ஏற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்துப்போகும். நீளமான தென்னை மட்டையைக் கயிற்றில் கட்டிச் சாய்வாக இறக்கி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பல சமயம் காலையில் பாம்பு இருக்காது.

மழையில் வீட்டுக்குள் வந்துவிட்டது. என்ன செய்வது?

பிள்ளைகளையும் நாயையும் அப்புறப்படுத்துங்கள். வெளிக்கதவைத் திறந்து வைத்து, உள்ளறைக் கதவின் கீழ் இடுக்கில் ஈரத்துணி அடையுங்கள். பாம்பு எங்கே இருக்கிறது என்று ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "இங்கேதான் இருந்தது, இப்போ காணோம்" என்ற நிலைதான் மோசம். தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் வீடு வீடாகப் பாம்பு வந்ததை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மண்ணெண்ணெய் ஊற்றினாலும் பூண்டு அரைத்துத் தெளித்தாலும் போகாது.

இது அழிந்துவரும் பாம்பா?

இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் கவலை குறைந்த இனம் என்ற வகையில் இருக்கிறது. உலகம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் நிறையவே இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் கோப்பை மூடிவிடுகிறோம். உங்கள் ஊர்க் குளத்தில் இருக்கிறதா என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை.

நிறைய இருக்கிறது என்பதை நம்பிக் கை வைத்தால் என்ன ஆகும் என்று கம்போடியாவில் பார்க்கலாம். அங்கே தோன்லே சாப் என்ற பெரிய ஏரி; மழைக்காலத்தில் பல மடங்கு விரியும். அதில் வேறு குடும்பத்துத் தண்ணீர்ப் பாம்புகள் லட்சக்கணக்கில் இருந்தன. ஏரியில் மீன் குறையக் குறைய, முதலைப் பண்ணைகளுக்குத் தீனியாகப் பாம்பைப் பிடித்து விற்க ஆரம்பித்தார்கள். ஆண்டுக்கு 69 லட்சம் பாம்புகள் பிடிபட்டிருக்கும் என்று 2007ல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லாத நீள்வால் தண்ணீர்ப் பாம்பு இப்போது அழியக்கூடிய இனங்களின் வரிசையில் இருக்கிறது.

நம் ஊரில் யாராவது பிடித்து விற்றார்களா?

விற்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தியாவிலிருந்து பாம்புத்தோல் ஏராளமாக ஏற்றுமதியானது. செருப்பு, கைப்பை, பெல்ட். சாரை, நாகத்தோடு தண்ணீர்ப் பாம்பின் தோலும் போனது. தமிழ்நாட்டில் அந்தத் தோலைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் பெரும்பாலும் பாம்பு பிடிப்பதில் தேர்ந்த பழங்குடியினரான இருளர்கள். லாபம் பார்த்தவர்கள் வேறு. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976ல் தோல் ஏற்றுமதி நின்றது. இருளர்களின் பிழைப்பும் நின்றது. பிறகு 1978ல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, விஷமுள்ள பாம்புகளைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விடும் தொழில் தொடங்கியது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. விஷமில்லாததால் தண்ணீர்ப் பாம்புக்கு அங்கே வேலையில்லை.

இன்றும் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பது, கொல்வது, வீட்டில் வளர்ப்பது எல்லாம் குற்றம். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்திலும் இந்தியா கேட்டுக்கொண்டபடி மூன்றாவது பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் இப்போது எதனால் அதிகம் சாகிறது?

கம்படிதான் கண்ணில் படும். ஆனால் அது மட்டும் இல்லை.

சாலை. வயலை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும் சாலையில், முதல் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் நடந்து பாருங்கள். தவளை நசுங்கிக் கிடக்கும், தவளையைத் தேடி வந்த பாம்பும் பக்கத்தில் நசுங்கிக் கிடக்கும்.

வலை. வேலியில் கட்டும் நைலான் வலை, குளத்தில் மறந்துவிட்டுப் போன நரம்பு வலை. வாலை நோக்கிப் படிந்த செதில் வலையில் மாட்டிக்கொண்டால் முன்னால்தான் போக முடியும். பின்னால் வர முடியாது. போகப் போக இறுகும். மீனுக்கு வைத்த பறிக்குள் நுழைந்து, வெளியே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாவதும் உண்டு. பாம்புக்குச் செவுள் கிடையாது; மேலே வந்துதான் மூச்சு வாங்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, தண்ணீர் நிற்கும் இடம் இல்லாமல் போவது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது. குப்பைமேடு, சாலை, கட்டடம் எல்லாம் போக எஞ்சியது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 2022ல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் பெயர் பெறாத ஏரிகளுக்கும் குட்டைகளுக்கும் ராம்சர் கிடையாது. அங்கே "தூர் வாரி அழகுபடுத்துகிறோம்" என்று நாலு பக்கமும் சிமென்ட் சரிவு கட்டி, நடைபாதை போட்டு, மின்விளக்கு நடுகிறார்கள். தண்ணீர் இருக்கும். கோரையும் நாணலும் இல்லை, கரையில் ஒரு வளை இல்லை, முட்டையிட மண் இல்லை. குளத்தைச் சுற்றி ஒரு பக்கமாவது மண்கரையை விட்டுவைக்கச் சொல்லி உங்கள் ஊர்க் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். செலவும் குறையும்.

வலையில் சிக்கிய பாம்பை எப்படி எடுப்பது?

முடிந்தவரை பழகியவர்களை அழையுங்கள். என் வீட்டுக் கீரைப் பாத்தி வலையில் ஒருமுறை சிக்கியது. பாம்பு பிடிக்கத் தெரிந்த ஒரு தம்பி வந்தார். தலையைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு, நகம் வெட்டும் சின்னக் கத்தரியால் ஒவ்வோர் இழையாக அறுத்தார். நான் டார்ச் பிடித்தேன். கழுத்துக்குக் கீழே மூன்று சுற்று. கடைசிச் சுற்று செதிலுக்கு அடியில் புதைந்திருந்தது. இழையை இழுக்காமல் அறுக்க வேண்டும், இழுத்தால் தோலோடு வரும் என்றார். அரை மணி நேரத்தில் முடிந்தது. விட்டதும் அவர் கைவிரலில் ஒரு கடி வைத்துவிட்டுத்தான் வாய்க்காலுக்குள் போனது. அவர் சிரித்துக்கொண்டே சோப்புக் கேட்டார்.

மறுநாள் வலையைக் கழற்றிவிட்டு மூங்கில் தட்டி கட்டினேன்.

ஒன்றைக் கொன்றால் ஜோடி வந்து பழிவாங்குமா?

இல்லை. அடிபட்ட பாம்பின் வாசனை தங்கும், அதைத் தேடி வேறொன்று வரக்கூடும் என்பார்கள். அதைவிட எளிய விளக்கம்: ஒன்றுக்குத் தோதான இடம் இன்னொன்றுக்கும் தோதானது. தண்ணீரும் தவளையும் அங்கேயே இருக்கும்வரை அடுத்ததும் வரும்.

எங்கே போனால் பார்க்கலாம்?

தனியாகப் பயணம் போக வேண்டியதில்லை. கோரை முளைத்த, சிமென்ட் போடாத ஏதாவது ஒரு குளத்துக்குக் காலை எட்டு ஒன்பது மணிக்குப் போங்கள். படித்துறையில் சத்தம் போடாமல் கால் மணி நேரம் உட்காருங்கள். தண்ணீர்ப் பரப்பில் குச்சி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். குச்சி அலைக்கு ஆடும், இது ஆடாது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குச்சி நாக்கை நீட்டும்.